செல்லாத மொட்டை

உக்காருங்க அண்ணாச்சி. பை கிடக்கேன்னு யோசிக்காதிய, மடியில வச்சுக்கிடுதேன். கீழ வைக்கக் கூடாது, உள்ள ஹார்டு டிஸ்க் இருக்கு. திருநெல்வேலிக்குத்தான? நல்லதாப் போச்சு. இந்த பஸ் ஊர் ஊரா நின்னு போய்ச் சேருறதுக்குள்ள என் வழக்க உங்ககிட்ட சொல்லி முடிச்சிருவேன். நியாயம் நீங்க சொல்லுங்க.

அந்தா முன்னால, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டுல, மொட்டை போட்டு சந்தனம் பூசி ஒரு அம்மா உக்காந்திருக்காவல்லா? அது என் வீட்டுக்காரிதான். பகவதி. காலையில இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசாட்டா போறா, பொம்பள கோவம், சாயங்காலம் சோறு போடும்போது சரியாயிரும். என் வருத்தம் அது இல்ல. அவ தலையில இருக்கே மொட்டை, அது செல்லாத மொட்டை. நேர்ச்சை வச்சா அது நிறைவேறின பொறவுதான முடி குடுக்கணும்? நிறைவேறாமலே குடுத்தா அதுக்கு என்ன பேரு? முருகன்கிட்ட பொய்க்கணக்குக் காட்டின மாதிரி ஆகலியா?

டிக்கெட் எடுத்த லட்சணத்தப் பாருங்க. கோவத்துல அவளே முந்திக்கிட்டு எடுத்தா. எனக்கு ஜங்ஷனுக்கு எடுத்துட்டு, அவளுக்கு பாளையங்கோட்டை வரைக்கும்தான் எடுத்திருக்கா. வீடு இருக்குறது பேட்டையில, ஜங்ஷனத் தாண்டிப் போணும். கணக்குல அவ எப்பவும் அப்படித்தான்.

நான் அப்படி இல்ல. என் பேரு ஆவுடையப்பன். கரண்ட் ஆபீஸ்ல ரீடிங் எடுக்குற சோலி பாத்து ரிட்டயர் ஆனவன். அடுத்தவன் வீட்டு மீட்டரக் குனிஞ்சு பாத்துப் பாத்தே கழுத்து வளைஞ்சவன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு எங்கப்பா சொல்லுவாரு. ஒரு யூனிட்டு கூட எழுதினதும் கிடையாது, குறைச்சு எழுதினதும் கிடையாது.

எனக்கு ஒரே ஒரு பழக்கம், படம் சேக்குறது. பீடி, சிகரெட்டு, வெத்தலை கிடையாது. ஜங்ஷன்ல ஒரு சி.டி. கடைக்காரன் கடைய மூடும்போது சாக்குக் கணக்குல வித்தான். மூணு சாக்கு ஆட்டோவுல ஏத்திட்டு வந்தேன். அன்னைக்குப் பிடிச்சது. எங்க கடை மூடினாலும் நான் போயிருவேன். சி.டி. போயி டி.வி.டி. வந்துச்சு, அதுவும் போச்சு, நான் விடல. வீட்டுல ஒரு ரூம் முழுக்க அலமாரிதான். ஜன்னல் உள்ள ரூம் அது ஒண்ணுதான். வெயில் படக் கூடாதுன்னு ஜன்னலையும் அடச்சாச்சு.

பகவதிக்கு முன்னால எல்லாம் தியேட்டருக்குப் போறதுன்னா உசிரு. கல்யாணம் ஆன புதுசுல வாரம் ஒரு படம் போவோம். கடைசியாப் போனது எங்க மக சங்கரி வயித்துல இருக்கும்போது. பாளையங்கோட்டையில ஒரு தியேட்டரு. இடைவேளையில முறுக்கு வாங்கிக் கையில குடுக்கேன், வலி எடுத்துட்டு. அப்படியே ரிக்சாவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். சங்கரி பொறந்தா. அந்தப் படத்துல அந்தப் பொண்ணு கடைசியில யாரக் கட்டிக்கிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அதுக்குப் பொறவு புள்ள, பள்ளிக்கூடம், லோன். தியேட்டரு அப்படியே நின்னு போச்சு. அந்தப் படம் என்கிட்ட இருக்கு அண்ணாச்சி. ஆனா அது ரெண்டு டிஸ்க்ல வரும். என்கிட்ட முதல் டிஸ்க்தான் இருக்கு.

சங்கரி கல்யாணம் முடிஞ்சதும் இவ ஆரம்பிச்சா, தியேட்டருக்குப் போவோம், தியேட்டருக்குப் போவோம்னு. நான் சொன்னேன், வீட்டுல இத்தன படத்த வச்சுக்கிட்டு வெளிய போயி காசு குடுத்துப் பாக்குறவன் பைத்தியக்காரன். ஆயிரம் படம் சேரட்டும். சேந்த அன்னைக்கு வாங்குறத நிறுத்திருதேன். நிறுத்தின பொறவு புதுப் படம் பாக்கணும்னா தியேட்டருக்குத்தான போணும், கூட்டிட்டுப் போறேன்னேன். சரியான பேச்சா இல்லியா? அவளும் சரின்னுட்டா. சரின்னுட்டு சும்மா இருக்காம, ஆயிரம் ஆனா முடி குடுக்கேன்னு திருச்செந்தூரானுக்கு நேந்துக்கிட்டா.

வீட்டுலயே போட்டுப் பாக்க வேண்டியதுதானன்னு கேப்பிய. எங்க பாக்க? போட்டா கீறல் விழும். கீறல் விழுந்தா படம் நிக்கும். நிக்குற படத்த முழுப் படம்னு எண்ண முடியுமா? சேத்ததக் காப்பாத்த வேண்டாமா?

நாலு வருசம் முந்தி தீபாவளிக்கு மருமகன் வந்தாரு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை. 'மாமா, வாயால எண்ணினா ஒரு காலமும் எண்ணி முடியாது. ஒரு டேட்டாபேஸ் போட்டுருவோம்'னாரு. ரெண்டு பேரும் லீவு பூரா உக்காந்து ஏத்தினோம். படம் பேரு, வருசம், நடிச்சவன், எந்த அலமாரி. படத்தையும் எல்லாம் இந்த டிஸ்க்ல ஏத்திக் குடுத்துட்டாரு, தங்கமான புள்ள. ஏத்தி முடிச்சா ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம் வருது. பகவதி கரண்டியோட ஓடி வந்தா. 'ஆயிரம் தாண்டிட்டா?'ன்னா.

'இருங்க அத்தை, இதுல ஒரே படம் பல தடவ இருக்கும். ஒண்ணு போல இருக்குறத ஒரு தடவ மட்டும் எண்ணுன்னு கேப்போம்'னு மருமகன் ஒரு பட்டனத் தட்டினாரு. நியாயம்தான? மூணு படம் ஒரே டிஸ்க்ல போட்டு விப்பான் தெரியுமா, அதுல ஒரு பழைய படத்த எல்லா டிஸ்க்லயும் சேத்து விட்டிருப்பான், சாம்பாருல உருளைக்கிழங்கு போடுற மாதிரி. அதெல்லாம் கழிச்சா ஆயிரத்து முந்நூறு நின்னுது.

அப்பவும் ஆயிரத்துக்கு மேலதான். அவ அன்னைக்கே காலண்டர எடுத்து நல்ல நாள் பாக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு மனசு ஒப்பல. சாமி காரியம். கம்ப்யூட்டரு என்னத்தக் கண்டுது? தெலுங்குல இருந்து டப்பிங் பண்ணின படத்த ரெண்டு கம்பெனிக்காரன் ரெண்டு பேரு வச்சு விக்கான். கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு படம். நமக்குத் தெரியும்லா ஒண்ணுதான்னு. கழிச்சேன். மலையாளத்துல இருந்து எடுத்தது, இந்தியில இருந்து எடுத்தது, அதுவும் அதுவும் ஒண்ணுதான? கழிச்சேன். அப்பவும் ஆயிரத்துச் சொச்சம் இருக்கு. விட்டுத் தொலைய மாட்டேங்கு.

பொறவு பாதிப் படங்களுக்கு வந்தேன். முதல் டிஸ்க் இருக்கும், ரெண்டாவது இருக்காது. ரெண்டாவது இருக்கும், முதல் இருக்காது. பாதிய முழுசுன்னு எப்படி எண்ண? ரெண்டு பாதி சேந்தா ஒண்ணுன்னு விதி வச்சு, ஒரு படத்தோட முதல் டிஸ்க்கையும் இன்னொரு படத்தோட ரெண்டாவது டிஸ்க்கையும் ஒரே பெட்டியில போட்டு ரப்பர் பேண்ட் கட்டிட்டேன். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப பகவதி அதுல ஒண்ண எடுத்துப் போட்டுப் பாத்திருக்கா. முதல் பாதியில தீக்குளிச்ச மாமியாக்காரி ரெண்டாம் பாதியில வேற மூஞ்சியோட வந்து விளக்கேத்துதா. இவ அழுதுக்கிட்டே கடைசி வரைக்கும் பாத்திருக்கா. நான் வந்து என்னன்னு கேட்டா, 'நல்ல படம்ங்க, தப்புப் பண்ணினவளுக்கும் ஒரு மறு வாழ்க்கை குடுத்திருக்கான்'ங்கா. நான் கீறல் விழுந்திருக்கான்னு லைட்டுல பிடிச்சுப் பாத்தேன். நல்லவேளை விழல.

அந்தப் பாதிக் கணக்குலதான் ஆயிரத்துக்குக் கீழ இறங்குச்சு. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அப்பதான் அண்ணாச்சி எனக்கு மூச்சு வந்துது. ராத்திரி நல்லா தூங்கினேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. நேர்மையா எண்ணின திருப்தின்னு வச்சுக்கிடுங்க.

இவ என்ன செஞ்சா தெரியுமா? சந்தைக்குக் காய் வாங்கப் போனவ, வெறும் பையோட வந்து முந்தானைய அவுத்து மேசையில கொட்டுதா. பத்து டிஸ்க். பழைய பேப்பர் கடையில பொறுக்கி எடுத்து வாங்கியிருக்கா. ஒண்ணு கூட என்கிட்ட இருக்குறது இல்ல. டப்பிங் இல்ல, ரீமேக்கு இல்ல, பாதி இல்ல. என் விதி அம்புட்டும் மனப்பாடம் அவளுக்கு. 'ஏத்துங்க'ன்னு பக்கத்துல நின்னுக்கிட்டா. ஏத்தினேன். பட்டனத் தட்டினேன். ஆயிரம். சரியா ஆயிரம். அவ கன்னத்துல போட்டுக்கிட்டு, 'முருகா'ன்னு அப்படியே தரையில உக்காந்துட்டா.

எனக்கு எங்கயோ தப்பு இருக்குன்னு உள்ளுக்குள்ள அடிச்சுச் சொல்லுது. அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். பேரு வேற, ஆளு வேற, வருசம் வேற. கதை? கதைன்னு ஒண்ணு இருக்கே, அத யாராவது எண்ணினாவளா? ஒரே கதைன்னா ஒரே படம்தான? சட்டைய மாத்திட்டா ஆளு ரெண்டாயிருவானா? டேட்டாபேஸ்ல 'கதை'ன்னு ஒரு கட்டம் சேத்தேன்.

கதை எப்படித் தெரியும்னு பாக்கியளா? அட்டையப் பாத்தா தெரியாதா. ரெண்டு பேரு முறைச்சுக்கிட்டு நின்னா அண்ணன் தம்பி. சூலம் இருந்தா அம்மன். வெள்ளைச் சேலை பறந்தா பேய் பங்களா. காக்கிச் சட்டைக்காரன் விரல நீட்டினா போலீஸ் படம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்தேன். ஒரு வருசம் ஆச்சு. நானூறு ஆச்சு, நூறு ஆச்சு, முப்பது ஆச்சு. இப்ப பதினொண்ணுல நிக்குது. ஆமா அண்ணாச்சி, உலகத்துல மொத்தமே பதினொரு படம்தான் இருக்கு. மத்தது எல்லாம் காப்பி. அதுலயும் ஏழும் ஒம்பதும் ஒண்ணோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அத போன வாரம் இவகிட்ட சந்தோசமாச் சொன்னேன். சுளகுல அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தா. 'பதினொண்ணு எப்பங்க ஆயிரம் ஆகும்?'னு கேட்டா.

'புதுக் கதை வந்தா ஆகும்'னேன்.

'புதுக் கதை எப்ப வரும்?'

'எழுதுறவன்லா எழுதணும். அதுக்கு நான் என்ன செய்ய?'ன்னேன்.

அவ சுளகத் தட்டிட்டு எந்திரிச்சு, 'வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போறேன். வந்தா வாங்க'ன்னா. நான் சாமி கும்பிடத்தான் போறான்னு நினைச்சு, சன்னதியில வச்சு எடுத்துட்டு வரலாம்னு இந்த டிஸ்க்கையும் எடுத்துக்கிட்டு வந்தேன்.

இருங்க, யாரோ கூப்பிடுதாவ. என்னம்மா? எனக்கா? அவ குடுத்தாளா? பாத்தியளா அண்ணாச்சி, சில்லுக்கருப்பட்டி. கை மாத்திக் கை மாத்தி அனுப்பி வச்சிருக்கா. பேச மாட்டா, ஆனா நான் பசி தாங்க மாட்டேன்னு தெரியும். எடுத்துக்கிடுங்க, நல்லா சுக்கு மணமா இருக்கும். எங்க விட்டேன்?

ஆங். கடல்ல குளிச்சுட்டு வாறேன், பைய பாத்துக்கிடுன்னு போனேன். திரும்பி வந்தா ஆளக் காணும். தேடிக்கிட்டே போனா, முடி எடுக்குற மண்டபத்துல, பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பாதித் தலை இறங்கிட்டு. ஒரு பக்கம் வெள்ளை மண்டை, ஒரு பக்கம் முடி தொங்குது. நான் ஓடிப் போயி, 'நிறுத்துங்க, நிறுத்துங்க, இது செல்லாது'ன்னேன். முடி எடுக்குறவரு கத்தியத் தூக்கிட்டு, 'என்ன அண்ணாச்சி, டோக்கன் இருக்கே'ன்னாரு.

'டோக்கன் இருக்கு, ஆயிரம் இல்ல. பதினொண்ணுதான் இருக்கு'ன்னேன்.

வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும் திரும்பிட்டாவ. என்ன ஏதுன்னு கேக்க, நான் முதல்ல இருந்து சொன்னேன். ரீமேக்கு வரைக்கும் பாதிப் பேரு என் பக்கம்தான். கதைக்கு வந்ததும் ஒருத்தன் சண்டைக்குக் கிளம்பிட்டான். 'அண்ணன் தம்பி படம் எல்லாம் ஒண்ணா? ஒண்ணுல சொத்துக்குச் சண்டை போடுவான், ஒண்ணுல பொண்ணுக்குச் சண்டை போடுவான்'ங்கான். 'கடைசியில ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதானா இல்லியா?'ன்னு கேட்டேன். 'அழுதான்'னான். 'அப்ப நாலாம் நம்பரு'ன்னேன். கைப்புள்ளையோட நின்ன ஒரு பொம்பள, 'சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்ங்கது சரியாத்தான் இருக்கு'ன்னுச்சு. யாரச் சொன்னுச்சோ தெரியல.

முடி எடுக்குறவரு, 'அண்ணாச்சி, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க. பாதி மண்டையோட நான் ஆள அனுப்ப முடியாது'ன்னாரு. அப்பதான் இவ குனிஞ்ச தலைய நிமிராமலே பேசினா.

'நான் முருகன்கிட்ட பெட்டியத்தான் சொல்லியிருக்கேன். கதையச் சொல்லல. வெள்ளிக்கு வெள்ளி தூசி தட்டினவ நானு. ரெண்டாயிரம் பெட்டியத் தட்டியிருக்கேன். அவன் கணக்கு அவனுக்குத் தெரியும். எடுங்கய்யா'ன்னா.

எடுத்துட்டாரு. அண்ணாச்சி, அவ முடி இருக்கே, இடுப்புக்குக் கீழ தொங்கும். பொண்ணு பாக்கப் போனப்ப எங்கம்மாவுக்கு நம்பிக்கை இல்லாம, சவுரி வச்சிருக்காளோன்னு பிடிச்சு இழுத்துப் பாத்தா. இவ 'ஆ'ன்னு கத்திட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்புலதான் நான் சரின்னேன். அந்த முடி தரையில விழுந்து கிடக்கு. எனக்கு அழுகை வந்துட்டு. அத்தன பேரு முன்னால நின்னு அழுதேன். கணக்கு இப்படி அநியாயமாப் போச்சேன்னுதான் அழுதேன், வேற ஒண்ணும் இல்ல.

அதுல இருந்து பேசல. ஏன் அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒழுங்கா எண்ணினது தப்பா? என்ன சிரிக்கிய?

பாளையங்கோட்டை வந்துட்டா? வேகமா வந்துட்டான். இங்க அஞ்சு நிமிசம் நிப்பான். அந்தா, எந்திரிச்சுட்டா பாருங்க. ஏ பகவதி, இது பாளையங்கோட்டை, இன்னும் ஜங்ஷன் வரல. ஏ இந்தா, உக்காரு. கேக்காளா பாருங்க. இறங்குதா. நிசமாவே இறங்கிட்டா. தப்பா டிக்கெட் எடுத்தா தப்பாவா இறங்குவா?

எங்க போறா? ரோட்டத் தாண்டுதா. அது தியேட்டர்லா. அந்தத் தியேட்டர்தான் அண்ணாச்சி, அன்னைக்கு வலி எடுத்த தியேட்டரு. பெயிண்ட் அடிச்சு புதுசாக்கிட்டான். போஸ்டரப் பாத்துக்கிட்டு நிக்கா. என்ன படம் அது? ரெண்டு பேரு முறைச்சுக்கிட்டு நிக்கான். நாலாம் நம்பரு. நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. இதுக்குப் போயி காசு குடுத்து... மொட்டைத் தலையோட கவுண்டர்ல நிக்கா பாருங்க. எல்லாரும் பாக்காவ. அவளுக்கு வெக்கமே இல்ல. சிரிக்கா. என்னமோ கவுண்டர்ல உள்ளவன்கிட்ட சொல்லிச் சிரிக்கா.

விரலக் காட்டுதா. எத்தனை டிக்கெட்டுன்னு கேட்டிருப்பான். எத்தனை விரலு அண்ணாச்சி? எனக்குத் தூரத்துப் பார்வை அம்புட்டுத் தெளிவு இல்ல, ஆபரேசன் செய்யணும்னு சொல்லியிருக்காவ. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். ரெண்டுதான? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

ஒண்ணா?

சரியாப் பாத்தியளா? ஒரு விரலா?

அது எப்படி ஒண்ணு? நாங்க ரெண்டு பேருலா. ரெண்டு பேராத்தான வந்தோம். அன்னைக்கும் ரெண்டு டிக்கெட்டுதான், நான்தான் எடுத்தேன். ஒண்ணுன்னா தப்பு, சுத்தத் தப்பு. கண்டக்டர், வண்டிய எடுக்காதிய. விசில் அடிங்க, நான் இறங்கணும். ஜங்ஷன் டிக்கெட்டுதான், அதனால என்ன, கணக்கு தப்பாயிட்டு, சரி பண்ணணும். வழிய விடுங்க, கொஞ்சம் வழிய விடுங்க.

என்ன அண்ணாச்சி? பையா? கிடக்கட்டும், நீங்களே வச்சுக்கிடுங்க. அதுல மொத்தமே பதினொரு படம்தான் இருக்கு. வீட்டுல போட்டுப் பாருங்க. நல்லாயிருக்கும்னு சொல்லுதாவ, நான் பாத்ததில்ல.